நந்தினியைத் தெரியும், வானவன் மாதேவியைத் தெரியுமா?



நம் ஊரில் அறுபது வயதைத் தாண்டிய யாரிடம் வேண்டுமானாலும் 'பொன்னியின் செல்வன்' என்று சொல்லிப் பாருங்கள். "எத்தனை தடவை படிச்சிருக்கேன் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் சண்டை வந்துவிடும். வந்தியத்தேவனைப் பற்றிச் சண்டை வராது, அவனை எல்லோருக்கும் பிடிக்கும். அருள்மொழியைப் பற்றியும் வராது. சண்டையெல்லாம் நந்தினியைப் பற்றித்தான். கூடவே, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைப் பற்றி.

கல்கி இந்தக் கதையைத் தம் வார இதழில் 1950 அக்டோபர் 29-ல் தொடங்கி 1954 மே மாதத்தில் முடித்தார். மூன்றரை வருடம். அதே 1954 டிசம்பர் 5-ல் அவர் காலமானார். ஐந்து பாகங்கள். எங்கள் தலைமுறைக்கு அது கையில் கிடைத்தது பெரும்பாலும் பைண்டு செய்த புத்தகமாகத்தான். வாரா வாரம் பக்கங்களைக் கிழித்து வைத்து, மணியம் வரைந்த படங்களோடு சேர்த்து, காலிகோ அட்டை போட்டுத் தைத்த தடித்தடிப் புத்தகங்கள். தெருவில் யாரோ ஒரு வீட்டில் இருக்கும், ஊரெல்லாம் சுற்றும். மூன்றாம் பாகம் மட்டும் எப்போதும் யாரிடமாவது மாட்டிக்கொண்டிருக்கும்.

இன்று எழுத வந்தது கதைச் சுருக்கம் இல்லை. இத்தனை வருடமாக என்னைச் சுற்றியிருப்பவர்கள் இந்தக் கதையைப் பற்றிச் சொன்ன மாறுபட்ட கருத்துகள், அவற்றுக்கு எதிரில் வைத்துப் பார்க்க வேண்டிய இரண்டு மூன்று கல்வெட்டுகள், அவ்வளவுதான். அதில் ஒரு கல்வெட்டு நம் ஊரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டரில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

வழக்கத்துக்கு மாறான கதை

சரித்திரக் காதல் கதை என்றால் நமக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. வீரமான இளவரசன், அழகான இளவரசி, நடுவில் ஒரு வில்லன், கடைசியில் போர், பிறகு பட்டாபிஷேகமும் கல்யாணமும். கல்கி இந்த வாய்ப்பாட்டை எடுத்துக்கொண்டு அதைத் தலைகீழாகப் போட்டார்.

தலைப்பில் பெயர் இருக்கிற அருள்மொழிவர்மன் முதல் பாகம் முழுக்க நேரில் வருவதே இல்லை. கதையை நடத்திக்கொண்டு போகிறவன் நாடில்லாத ஒரு வாணர் குலத்துப் பிள்ளை; கையில் ஓலையும் காலில் அவசரமுமாகத் திரிகிறவன். முடிவில் பட்டம் சூட்டிக்கொள்ள வேண்டியவன் பட்டத்தை இன்னொருவர் தலையில் வைக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, கதையின் பெரிய காதல் நாயகனுக்கும் நாயகிக்கும் நடுவில் இல்லை. கரிகாலனுக்கும் நந்தினிக்கும் நடுவில் இருக்கிறது. அது நிறைவேறாத காதல் என்று சொன்னால் போதாது. ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட காதல்.

சேவூர்ப் போருக்குப் பிறகு காயம்பட்டுக் குடிசையில் படுத்திருக்கிறான் வீரபாண்டியன். நந்தினி உயிர்ப்பிச்சை கேட்கிறாள். கரிகாலன் கேட்காமல் தலையை வெட்டுகிறான். அந்த ஒரு நிமிடத்திலிருந்துதான் கதை முழுவதும் கிளம்புகிறது. அவள் பிறகு அறுபது தாண்டிய பெரிய பழுவேட்டரையரை மணந்துகொண்டு தஞ்சைக் கோட்டைக்குள் வந்து உட்கார்கிறாள், பழி வாங்க.

நந்தினி என்று ஒருத்தி வரலாற்றில் கிடையாது. முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை. ஆனால் கதையில் வரும் உண்மையான மனிதர்கள் எல்லோரையும்விட அவள்தான் வாசகர் மனத்தில் உயிரோடு இருக்கிறாள்.

நாலு பேர், நாலு கருத்து

என் அக்காவுக்கு இப்போது எண்பது வயது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை, பேரன் பிறந்த பிறகு ஒரு தடவை, கண் ஆபரேஷன் முடிந்த பிறகு பெரிய எழுத்துப் புத்தகத்தில் ஒரு தடவை என்று படித்தவர். "எல்லாரும் அவளைப் பாம்பு பாம்புங்கிறீங்க. அவ கெஞ்சினப்ப ஒருத்தன் காது குடுத்திருந்தா இந்தக் கதையே கிடையாதே" என்பார். நந்தினிக்காகப் பேசுகிற கட்சி இது. நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர், வெளியில் சொல்லாவிட்டாலும், இந்தக் கட்சிதான் என்பது என் அனுமானம்.

கிரிவலப் பாதையில் காலையில் என்னோடு நடக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். அவருக்கு இந்தப் புத்தகத்தின் பேரிலேயே கோபம். "ராஜத் துரோகம் செய்து ஒரு பட்டத்து இளவரசனைக் கொன்றிருக்கிறார்கள். கல்வெட்டு இருக்கிறது, பேர் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் ஒரு பொம்பளை விவகாரமாக ஆக்கிவிட்டாரே ஐயா! இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால், கரிகாலன் நந்தினியால் செத்தான் என்று பரீட்சையில் எழுதுகிறார்கள்" என்பார்.

அதே நடையில் கூட வருகிற வக்கீல் நண்பருக்கு வேறு குறை. அவருக்கு நந்தினி இருப்பதில் ஆட்சேபம் இல்லை. "ரெண்டாயிரம் பக்கம் படிக்க வச்சிட்டு, கத்தி யார் கையிலிருந்து வந்துச்சுன்னு சொல்லாம முடிச்சா எப்படி?" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். கடம்பூர் மாளிகை அறையில் விளக்கு அணைகிறது. பெரிய பழுவேட்டரையர், தான் எறிந்த கத்திதான் என்கிறார். மணிமேகலை, தான்தான் கொன்றேன் என்கிறாள். ரவிதாஸன் கூட்டம் அங்கே இருக்கிறது. நந்தினி இருக்கிறாள். பழி விழுவதோ வந்தியத்தேவன் மேல். கோர்ட்டில் இப்படி ஒரு வழக்கு வந்தால் எல்லோருக்கும் சந்தேகத்தின் பலன் கிடைக்கும் என்று சொல்லிச் சிரிப்பார்.

நாலாவது, என் தம்பி பேத்தி. கல்லூரியில் படிக்கிறாள். 2022-லும் 2023-லும் வந்த மணிரத்னம் படங்களைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவள். "தாத்தா, படத்துல மணிமேகலையே இல்ல. சேந்தன் அமுதன் ராஜா ஆகிறதும் இல்ல. புத்தகம் நல்லா இருக்கு, ஆனா கல்கி ரொம்பப் பேசுறார்" என்றாள். கரிகாலன் நந்தினி பகுதியை மட்டும் எடுத்து ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டால் போதும் என்பது அவள் தீர்ப்பு.

இந்த மாதிரிக் கருத்து வேறுபாடு இன்று வந்ததில்லை. 1954-ல் கதை முடிந்தவுடனேயே வாசகர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டிருக்கிறார்கள். சட்டென்று முடித்துவிட்டீர்களே, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று. கல்கி அதற்காகவே ஒரு முடிவுரை எழுத வேண்டி வந்தது. இன்றும் ஐந்தாம் பாகத்தின் கடைசியில் அது இருக்கிறது. முழுக் கற்பனைக் கதையை எப்படி வேண்டுமானாலும் முடித்து வைக்கலாம், சரித்திரக் கதைக்கு அந்தச் சௌகரியம் கிடையாது என்பதுதான் அவருடைய பதிலின் சாரம். இலக்கிய விமரிசகர்களிலும் க.நா.சுப்ரமண்யம் போன்றவர்கள் கல்கியைப் பெரிய எழுத்தாளராக ஒப்புக்கொண்டதில்லை. ஜனங்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்குக் குந்தவை, வானதி, அருள்மொழி என்று பெயர் வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

கல்வெட்டு ஒரு கிரையப் பத்திரம்

தமிழாசிரியர் சொன்ன கல்வெட்டு காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. ஏறக்குறைய 987. பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

நான் முப்பத்தோரு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். இந்தக் கல்வெட்டின் வாசகத்தை முதலில் அச்சில் படித்தபோது எனக்குத் தோன்றியது, இது கொலை வழக்கின் தீர்ப்பு இல்லை என்பதுதான். இது நிலம் கைமாறிய ஆவணம். துரோகிகளின் நிலம் பறிமுதல் ஆகிறது. அவர்களுடையது மட்டுமில்லை. உடன்பிறந்தார், பிள்ளைகள், அவர்கள் மனைவிமார், தாய்மாமன்மார், அந்த வீட்டில் பெண் எடுத்தவர்கள் வரை எல்லோருடைய சொத்தும். ஊர்ச் சபை மூலம் அது விற்கப்படுகிறது. வாங்கியவர் அதை அறத்துக்கு எழுதி வைக்கிறார். நம் காலத்து மொழியில் சொன்னால் ஜப்தி, விற்பனை, தர்ம சாசனம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சரித்திர ஆசிரியர்களின் பெரிய சண்டையே இந்த இடத்தில்தான். கரிகாலன் கொலையானது 970-ஐ ஒட்டி. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985. நடுவில் ஏறக்குறைய பதினைந்து வருடம் உத்தம சோழர் ஆட்சி. கொலையாளிகள் மேல் நடவடிக்கை ராஜராஜன் காலத்தில்தான் என்றால், உத்தம சோழர் ஏன் சும்மா இருந்தார்? பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் 1935-ல் வெளியிட்ட சோழர் வரலாற்றில் உத்தம சோழர் மேல் சந்தேகத்தை வைத்தார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் தம் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தில் அதை மறுத்தார். அப்பா சதி செய்திருந்தால், அவர் பிள்ளை மதுராந்தகன் கண்டராதித்தனை ராஜராஜன் நம்பிக்கையோடு பொறுப்பில் வைத்திருப்பானா என்பது அவர் வாதம்.

என் அனுபவத்தில், ஒரு விற்பனை ஆவணத்தின் தேதி விற்பனையின் தேதிதானே தவிர வழக்கின் தேதி ஆகாது. ஜப்தி ஆன சொத்து விலை போவதற்குள் ஒரு தலைமுறை கடந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ராஜராஜனின் இரண்டாம் ஆண்டில் நிலம் விற்றது என்பதை வைத்து, அதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை என்று முடிவு கட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்னொன்றும் கண்ணில் படுகிறது. அந்தப் பட்டப் பெயர்களைப் பாருங்கள். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். ஆனால் இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்பது சோழ அரசு கொடுத்த பட்டம். அப்படியானால் கொன்றவர்கள் எங்கிருந்தோ வந்த கூலிக்காரர்கள் இல்லை. அரசாங்கத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்த சகோதரர்கள். உள்ளே இருந்தவர்கள் ஏன் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை.

காரணம் எழுதப்படாத அந்த வெற்றிடத்தில்தான் கல்கி நந்தினியைக் கொண்டுவந்து வைத்தார். எங்கே வைத்தார் என்பதையும் கவனியுங்கள். கதை வீராணம் ஏரிக்கரையில் ஆடிப் பதினெட்டில் தொடங்குகிறது. அந்த ஏரிக்குப் பக்கத்து ஊர்தான் காட்டுமன்னார்கோயில். கொலை நடக்கும் கடம்பூரும் அதே சுற்றுவட்டாரம்தான். கரிகாலன் எங்கே செத்தான் என்று எந்தக் கல்லிலும் இல்லை. கல்கி கொலையாளிகளின் நிலம் இருந்த பக்கத்திலேயே கொலையையும் வைத்துவிட்டார்.

கொன்றது யார் என்று சொல்லாமல் விட்டதும் இதனால்தான் என்பது என் கருத்து. வக்கீல் நண்பர் அதை ஏமாற்று என்கிறார். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. நந்தினிதான் குத்தினாள் என்று எழுதியிருந்தால், கல்லில் பெயர் இருக்கிற கொலையாளிகளை விடுவித்து, இல்லாத ஒருத்தியைத் தூக்கில் போட்டதாக ஆகியிருக்கும். ரவிதாஸன்தான் என்று எழுதியிருந்தால், மூன்றரை வருடம் வளர்த்த கதைக்குப் பொருளில்லாமல் போயிருக்கும். விளக்கை அணைத்துவிட்டார். கல்வெட்டும் அந்த இடத்தில் விளக்கை ஏற்றவில்லையே!

ஆனால் பட்டாபிஷேக விஷயத்தில் எனக்கு அவர் மேல் வருத்தம் உண்டு. மக்கள் அருள்மொழியை அரசனாக வேண்டினார்கள், சிற்றப்பனுக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவன் மறுத்தான் என்பது திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிற செய்தி. ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயர் வைத்ததே இதை வைத்துத்தான். ஆனால் நாலு பாகம் முழுக்க மதுராந்தகரைக் கோழையாகவும் பேராசைக்காரராகவும் காட்டிவிட்டு, கடைசியில் 'அவர் நிஜ மதுராந்தகரே இல்லை, பூக்காரப் பிள்ளை சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் மகன்' என்று ஆளையே மாற்றிவிட்டார். கதைக்குத் திருப்பம் கிடைத்தது. பதினைந்து வருடம் நாடாண்ட உத்தம சோழர் என்ற உண்மை மனிதருக்கு என்ன கிடைத்தது? படம் எடுத்தவர்கள் இந்தத் திருப்பத்தை விட்டது நல்லதாகப் போயிற்று என்று தமிழாசிரியரும் நானும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். நாங்கள் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

திருக்கோவலூர்க் கல்

இனி நான் சொல்ல வந்த பெண்.

சுந்தர சோழரின் பட்டத்தரசி வானவன் மாதேவி. கரிகாலனுக்கும் குந்தவைக்கும் அருள்மொழிக்கும் தாய். மலையமான் குலத்துப் பெண். அதாவது திருக்கோவலூர்ப் பெண். நம் பக்கத்து வீட்டுப் பெண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் காட்பாடி ரயிலில் ஏறினால் நமக்கும் திருக்கோவலூருக்கும் இடையில் எவ்வளவு தூரம்? கதையில் பேரனைக் காப்பாற்றத் தவிக்கிற கிழ மலையமான் வருகிறாரே, அவர் ஊர்.

அந்த ஊரில் தென்பெண்ணைக் கரையில் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. அட்ட வீரட்டங்களில் ஒன்று. பக்கத்தில் ஆற்றுக்குள் கபிலர் குன்று. அந்தக் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பாட்டாகவே பொறித்திருக்கிறார்கள். பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தி அதில்தான் இருக்கிறது. ராஜராஜனைப் பெற்ற தாயைப் பற்றியும் அதில்தான் இருக்கிறது. சுந்தர சோழர் இறந்தபோது, பால்குடி மறக்காத குழந்தையை விட்டுவிட்டு அவள் கணவனோடு நெருப்பில் புகுந்தாள் என்று அந்தக் கல் சொல்கிறது. அவள் கணவனோடு போனதைத் திருவாலங்காட்டுச் செப்பேடும் சொல்கிறது.

இதை அக்காவிடம் சொன்னேன். மூன்று தடவை அந்த நாவலைப் படித்தவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் குழந்தை எது?" என்று கேட்டார்.

எந்தச் சரித்திர ஆசிரியரும் கேட்க வேண்டிய கேள்வி அது. சுந்தர சோழர் இறந்தது ஏறக்குறைய 973. அப்போது அருள்மொழி கைக்குழந்தையாக இருக்க முடியாது. பட்டம் ஏற்க வேண்டும் என்று மக்கள் கேட்கும் வயது அவனுக்கு ஆகிவிட்டது என்பதைச் செப்பேட்டுச் செய்தியே காட்டுகிறதே. குந்தவை அவனுக்கு மூத்தவள். அப்படியானால் அது பெயர் தெரியாத வேறொரு குழந்தையா? இல்லை, தாயின் தியாகத்தைப் பெரிதாகக் காட்டப் புலவர் சேர்த்துக்கொண்ட குழந்தையா? கல்வெட்டுப் புலவரும் ஒரு விதத்தில் கதை சொல்கிறவர்தானே. எனக்கு விடை இல்லை. ஆனால் அக்காவின் அடுத்த கேள்வி இதைவிடக் கனமானது: "அவளா போனாளா, போக வச்சாங்களா?"

மூத்த பிள்ளை கொலையுண்டு சில வருடம். கணவன் அந்தத் துக்கத்திலேயே இருந்து போய்விட்டார். பட்டம் வேறு கிளைக்குப் போய்விட்டது. அந்தப் பெண் மனதில் என்ன ஓடியது என்று கல்லில் இல்லை. புகழ் மட்டும் இருக்கிறது.

இப்போது கல்கி என்ன செய்தார் என்று பாருங்கள். அவர் கதையில் வானவன் மாதேவி வருகிறாள். கால் செயலிழந்த அரசருக்குப் பணிவிடை செய்கிற, அதிகம் பேசாத, நல்ல அம்மாள். அரசரின் பழைய காதலி மந்தாகினி, ஊமை ராணி, அவள்தான் அரசர் மேல் வந்த வேலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு உயிர் விடுகிறாள். படித்தவர் யாரும் அந்த இடத்தில் அழாமல் இருந்ததில்லை. அரசருக்காக உண்மையில் உயிர் விட்டவளாகக் கல்லும் செப்பேடும் காட்டுவது வானவன் மாதேவியை. கதையில் அந்தச் சாவு, இல்லாத ஒருத்திக்குப் போய்விட்டது. மகனின் சாவுக்குக் காரணம் இல்லாத இன்னொருத்தி ஆகிவிட்டாள். நடுவில், இருந்த பெண் மருந்துக் கிண்ணத்தோடு ஓரமாக நிற்கிறாள்.

கல்கியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1950-ல் வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவர், விவரம் எழுதப்பட்டிருக்கிற ஒரு பெண்ணை இஷ்டத்துக்கு ஆட்டி வைக்க முடியாது. கற்பனைப் பெண்ணைத்தான் எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அவளுக்குக் கோபம் கொடுக்கலாம், ஆசை கொடுக்கலாம், பேச்சு கொடுக்கலாம். பட்டத்தரசிக்கு அதெல்லாம் கொடுத்திருந்தால் அந்தக் காலத்தில் ஊர் ஒப்பியிருக்காது. அதனால் அக்கா போன்ற லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் மனதில் இருந்ததை எல்லாம் நந்தினி மேல் ஏற்றிக்கொண்டார்கள். தமிழாசிரியர் சொல்லும் 'பொம்பளை விவகாரம்' அவர்களுக்கு அப்படிப் படவில்லை. கேட்ட வேண்டுகோளை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளாத விவகாரமாகப் பட்டது.

நம் மாவட்டத்திலேயே

இந்தக் கதையின் மனிதர்கள் தஞ்சாவூரோடு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். போளூருக்குப் பக்கத்தில் திருமலை என்று ஒரு சமணத் தலம் இருக்கிறது. அங்கே உள்ள கோயிலுக்குக் கல்வெட்டில் பெயர் குந்தவை ஜினாலயம். ராஜேந்திரன் வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டும் அங்கேதான். சிவபக்தி நிறைந்த வீட்டுப் பெண்ணின் பெயர் சமணக் கோயிலில் இருக்கிறது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் தாதாபுரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் ஜினருக்கும் அவள் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டே உண்டு. வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி அவள் என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. கல்கி அந்த ஒரு வரியை வைத்துத்தான் அவ்வளவு பெரிய காதலைக் கட்டினார்.

செய்யாறு பக்கம் பிரம்மதேசத்தில் இன்னொரு கல்வெட்டு. ராஜேந்திர சோழன் 1044-ல் இறந்தபோது அவன் தேவி வீரமாதேவி உடன் தீப்புகுந்தாள். அவள் உடன்பிறந்தவன், சோழர் படைத்தலைவன், அக்காள் தங்கை பாசத்தில் என்ன செய்தான் தெரியுமா? அவர்களுடைய தாகம் தீர என்று தண்ணீர்ப் பந்தலுக்கு ஏற்பாடு செய்தான். நெருப்பில் போனவளுக்குத் தண்ணீர். எந்த நாவலாசிரியரும் இதைவிட என்ன எழுதிவிட முடியும்?

கதையும் வேண்டும், கல்லும் வேண்டும்

தமிழாசிரியருக்கு நான் சொல்லும் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. நம் கோயிலில் வல்லாள கோபுரம் இருக்கிறது. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே குழந்தையாக வந்தார் என்பது கதை. அந்தக் கணக்கில் இன்றும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகன் முறையில் அவருக்குத் திதி கொடுக்கிறார். ஊரே போய்ப் பார்க்கிறோம். வரலாற்றில் அவர் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர். மதுரை சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டு, 1342-ஐ ஒட்டி, எண்பது வயதுக் கிழவராகக் கொல்லப்பட்டார். உடலின் தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததை இபின் பதூதா என்ற மொராக்கோ யாத்திரிகர் எழுதி வைத்திருக்கிறார்.

அப்படி மாண்ட ஒரு கிழ ராஜாவுக்கு, ஊர் ஒரு பிள்ளையைக் கொடுத்திருக்கிறது. அதுவும் சாமியையே. இது பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் மதுரை மதிலில் நடந்ததை மறந்துவிட்டுக் கதையை மட்டும் வைத்துக்கொண்டால், ஏன் இப்படி ஒரு கதை தேவைப்பட்டது என்பதே நமக்குப் புரியாமல் போய்விடும்.

நந்தினி விஷயமும் அப்படித்தான். அவளை வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்காகச் சண்டை போடுங்கள். அக்கா கட்சியோ ஆசிரியர் கட்சியோ, சேர்ந்துகொள்ளுங்கள். என் தம்பி பேத்திக்குக் கல்கி ரொம்பப் பேசுகிறார் என்று தோன்றினால் அதுவும் தவறில்லை. நாற்பது வயதில் திரும்பப் படிப்பாள், அப்போது வேறு மாதிரித் தோன்றும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை திருக்கோவலூருக்கு உலகளந்த பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள், இன்னும் கொஞ்ச தூரம் ஆற்றுப் பக்கம் கீழையூர் வீரட்டானத்துக்கும் போங்கள். பாட்டு பொறித்த அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று குருக்களையோ ஊர்ப் பெரியவரையோ கேளுங்கள். எழுத்து நமக்குப் படிக்க வராது, பரவாயில்லை. பேரப் பிள்ளைகள் கூட வந்தால், 'பொன்னியின் செல்வனைப் பெற்ற அம்மா இந்த ஊர்ப் பெண், அவள் பெயர் வானவன் மாதேவி' என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். நந்தினி பெயரை நாம் எழுபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.